கைக்கு வந்த வீடும் காகிதத்தில் இருந்த வீடும்



முதுமைக் காலத்தில் எங்கே குடியிருப்பது என்னும் கேள்வியை நம் குடும்பங்களில் வாய்விட்டுப் பேசுவோர் குறைவு. பேசினால் பிள்ளைகளைக் குறை கூறியதாகிவிடுமோ எனப் பெற்றோர் தயங்குகின்றனர். கேட்டால் பெற்றோரை வெளியே அனுப்பப் பார்க்கிறோம் என்றாகிவிடுமோ எனப் பிள்ளைகள் அஞ்சுகின்றனர். இந்தத் தயக்கத்திலேயே ஆண்டுகள் ஓடிவிடுகின்றன. முதியோருக்கான குடியிருப்பு ஒன்றில் வீடு வாங்குவதென்று நாங்கள் இருவரும் முடிவு செய்தபின், கட்டப்பட்டு வரும் புதிய வீட்டை வாங்குவதா, வேறொருவர் வாழ்ந்துவிட்டுப் போன வீட்டை வாங்குவதா என்று பல மாதங்கள் ஆலோசித்தோம். அந்த ஆலோசனையில் நாங்கள் அறிந்துகொண்டவை பிறருக்கும் பயன்படலாம் என்னும் எண்ணத்தில் எழுதுகிறோம்.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்துத் தேசூர். ஆரணிப் பட்டு நெசவு பரவியிருக்கும் ஊர்களில் ஒன்று. எங்களில் கணவருக்கு 68 வயது. நாற்பது ஆண்டுகள் பட்டுச்சேலை வாங்கி விற்கும் சிறு வியாபாரம் செய்தவர். மனைவிக்கு 62 வயது. வீட்டிலிருந்தபடியே சேலைகளின் முந்தானைக்குக் குஞ்சம் கட்டிக் கொடுத்துச் சிறுகச் சிறுகச் சேர்த்தவர். மகன் சவூதியில் பணிபுரிகிறார். மகள் கூடுவாஞ்சேரியில் குடும்பத்துடன் இருக்கிறார். சொந்த வீட்டில் குறையொன்றும் இல்லை. ஆனால் இரவில் நெஞ்சு அடைத்தால் வண்டி பிடித்துப் பெரிய மருத்துவமனைக்குச் செல்ல நெடுந்தூரம் போகவேண்டும். மாடிப்படி ஏற முடியவில்லை. எங்கள் தெருவில் பாதி வீடுகளில் எங்களைப் போன்ற முதியவர்களே எஞ்சியிருக்கிறோம்.

இது எங்கள் தெருவின் நிலை மட்டுமன்று. 2021ஆம் ஆண்டுக்கான அரசின் கணிப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதத்தினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். பெரிய மாநிலங்களில் கேரளத்திற்கு அடுத்த இடம் நமக்குத்தான். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் 1960ஆம் ஆண்டு சன் சிட்டி என்னும் முதியோர் நகரம் திறக்கப்பட்டபோது அது உலகிற்குப் புதுமையாக இருந்தது. இன்று கோயம்புத்தூரின் வடவள்ளிப் பகுதியிலும், சென்னையை அடுத்த மறைமலை நகரிலும் அத்தகைய குடியிருப்புகள் இருக்கின்றன. கோவை அமைதியான ஊர்தான். மகள் வீட்டிலிருந்து வெகுதூரம் என்பதால் அதனை விட்டுவிட்டுச் செங்கல்பட்டுப் பக்கமே தேடினோம்.

“பிள்ளைகள் இருக்கும்போது இது எதற்கு, பாய்?” என்று ஊரில் பலர் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். பெற்றோர் முதுமை அடையும்போது அவர்களிடம் ‘சீ’ என்றுகூடச் சொல்லலாகாது என்று பனூ இஸ்ராயீல் அத்தியாயத்தில் அல்லாஹ் கட்டளையிடுகிறான். அந்தக் கடமை பிள்ளைகள் மீது என்றும் இருக்கிறது. பெற்றோர் தனி வீட்டில் இருந்தால் அது நீங்கிவிடுவதில்லை. மகள் வீட்டிற்கு இருபது நிமிடத் தொலைவில், மருத்துவ உதவி கைக்கெட்டும் இடத்தில், எங்கள் செலவில் நாங்கள் வாழ்வது எங்கள் பிள்ளைகளின் கடமையை எளிதாக்கும் என்று கருதினோம். பிள்ளைகளும் சம்மதித்தார்கள். அதன் பிறகே வீடு பார்க்கத் தொடங்கினோம்.

எங்கள் முன் இரண்டு வீடுகள் இருந்தன. ஒன்று, அடித்தளம் மட்டும் போடப்பட்டிருந்த ஒரு குடியிருப்பில் வரவிருக்கும் வீடு. மூன்று ஆண்டுகளில் சாவி தருவதாகச் சொன்னார்கள். மற்றொன்று, 11 ஆண்டுகளுக்கு முன் கட்டப்பட்ட ஒரு குடியிருப்பின் தரைத்தள வீடு. அதில் வாழ்ந்த மூதாட்டி காலமானபின் அவருடைய பிள்ளைகள் அதனை விற்க முன்வந்திருந்தார்கள்.

மகன் புதிய வீட்டின் பக்கம் நின்றார். அவர் சொன்ன காரணங்கள் வலுவானவை. மத்திய வீட்டுவசதி அமைச்சகம் 2019ஆம் ஆண்டு ஓய்வுக்கால இல்லங்களுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. வழுக்காத தரை, கைப்பிடிகள், சக்கர நாற்காலிக்கேற்ற சரிவுப்பாதை, அவசர அழைப்பு வசதி ஆகியவை அதில் கூறப்பட்டுள்ளன. புதிதாகக் கட்டுவோர் இவற்றைத் தொடக்கத்திலேயே அமைத்துவிடலாம். மேலும் 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டம், வாங்குவோரிடம் பெறும் பணத்தில் 70 சதவீதத்தைத் தனி வங்கிக் கணக்கில் வைத்து அந்தக் கட்டுமானத்திற்கே செலவிடச் சொல்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் கட்டடக் குறை தென்பட்டால் கட்டியவரே செலவின்றிச் சரிசெய்து தரவேண்டும். பழைய வீட்டிற்கு இந்தப் பாதுகாப்பு முடிந்துபோயிருக்கும், அல்லது தொடக்கத்திலிருந்தே இருந்திராது.

எங்களுக்குப் புதிய வீட்டில் இன்னொரு வசதியும் தெரிந்தது. வட்டிக் கடன் வாங்குவதில்லை என்பது எங்கள் உறுதி. புதிய வீட்டிற்கோ கட்டுமானம் உயர உயரத் தவணையாகப் பணம் கட்டினால் போதும். தேசூர்க் கடைத்தெருவில் இருக்கும் எங்கள் கடையை உடனே விற்கவேண்டியதில்லை. மூன்று ஆண்டுகள் வாடகை வாங்கிக்கொண்டே, இறுதித் தவணையின்போது விற்கலாம். இவ்வாறு, இனிமேல் செய்யப்படவிருக்கும் பொருளை அளவும் தன்மையும் விலையும் பேசி ஏற்பாடு செய்வதற்கு மார்க்கத்தில் இஸ்திஸ்னா என்று பெயர், அது அனுமதிக்கப்பட்டது. எங்களுக்கு இது புதிதுமன்று. தறியில் பாவு ஏற்றும் முன்பே சேலைக்கு நிறமும் கரையும் ஜரிகையும் சொல்லி முன்பணம் கொடுத்து வியாபாரம் செய்தவர்கள்தாம் நாங்கள். நெய்பவர் தெரிந்தவராக இருந்தால் தறியில் இருக்கும் சேலையை நம்பி வாங்கலாம். தெரியாதவரிடம் வாங்கும்போது சேலையை விரித்து, உள்பக்கமும் பார்த்துத்தான் வாங்குவோம்.

இந்த யோசனையோடு எங்கள் பள்ளிவாசல் ஹஜ்ரத்தைச் சந்தித்தோம். வட்டியைப் பற்றியும் ஒப்பந்தத்தைப் பற்றியும் அவர் கேட்பார் என்று நினைத்துச் சென்றோம். அவரோ, “வீடு யார் பெயரில்?” என்று கேட்டார். கணவர் தம் பெயரில் வாங்கி, பிறகு மனைவிக்குக் கொடுத்துவிட எண்ணியிருப்பதாகச் சொன்னார். “எப்போது?” என்றார். “சாவி வந்ததும்” என்றோம்.

அவர் பொறுமையாக விளக்கினார். பிள்ளைகள் இருக்கும்போது கணவன் விட்டுச்செல்லும் சொத்தில் மனைவிக்கு எட்டில் ஒரு பங்கு. எஞ்சியதில் மகனுக்கு இரண்டு பங்கு என்றால் மகளுக்கு ஒரு பங்கு. இது அல்லாஹ் வகுத்த பாகம். இதில் மனைவிக்குக் கூடுதலாகக் கிடைக்கவேண்டுமென்று மரண சாசனம் எழுதிவைத்தாலும், மற்ற வாரிசுகள் இசைந்தாலன்றி அது நிறைவேறாது. ஏனெனில் வாரிசாக இருப்பவருக்கு வஸிய்யத் இல்லை. மனைவி வாழும் காலமெல்லாம் அந்த வீடு அவருக்கே என்று உறுதிசெய்ய விரும்பினால், உடல்நலத்தோடு இருக்கும்போதே ஹிபாவாகக் கொடுத்துவிடவேண்டும். ஹிபாவிற்குக் கொடுத்தேன் என்ற சொல் வேண்டும், பெற்றேன் என்ற ஏற்பு வேண்டும், பொருள் கைக்குப் போய்ச் சேரவும் வேண்டும். நம் நாட்டு நீதிமன்றங்களும் முஸ்லிம்களின் ஹிபாவிற்கு இம்மூன்றையே பார்க்கின்றன.

“கொடுத்தேன் என்றால் ஹிபா. கொடுப்பேன் என்றால் வாக்குறுதி. இல்லாத வீட்டை எப்படிக் கையில் கொடுப்பீர்கள்? மூன்று வருடத்தில் உங்களுக்கு மவ்த் வந்தால், கட்டிய தவணையும் கட்டாத தவணையும் கடையும் எல்லாம் சேர்ந்து பாகத்திற்கு வந்துவிடும். அம்மா யாரிடம் போய் நிற்பார்கள்?” என்றார்.

எங்கள் பிள்ளைகள் தாயை வெளியே நிறுத்தமாட்டார்கள். அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆயினும் பாகம் என்பது பிள்ளைகளோடு முடிந்துவிடுவதில்லை. பிள்ளைகளுக்குப் பிறகு அவர்களுடைய வாரிசுகள் வருகிறார்கள். மேலும் முதியோர் குடியிருப்புகள் பலவற்றில் 55 அல்லது 60 வயதுக்குக் குறைந்தவர்கள் நிரந்தரமாகத் தங்க இயலாது. பங்கு பெற்ற பிள்ளைகள் அதில் வாழ முடியாது. விற்கவோ வாடகைக்கு விடவோதான் முடியும். ஆகவே அத்தகைய வீட்டின் மீது பாகப்பிரிவினையின் நெருக்கம் மற்ற வீடுகளைவிட விரைவில் வந்துசேரும். அன்று இரவு நாங்கள் இருவரும் இதனைப் பற்றி வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தோம். யார் முதலில் போவது என்பதை முப்பத்தொன்பது ஆண்டு இல்வாழ்க்கையில் அன்றுதான் முதன்முறையாகக் கணக்கில் எடுத்துப் பேசினோம்.

புதிய வீட்டிற்கும் வழியில்லாமல் இல்லை. கடையை இப்போதே விற்று, முழுப் பணத்தையும் மனைவியின் கையில் கொடுத்து, அவர் பெயரிலேயே ஒப்பந்தம் போட்டால் ஹிபா நிறைவேறிவிடும். ஆனால் அப்போது தவணையினால் கிடைக்கும் வசதி போய்விடுகிறது. கட்டுமானம் தாமதமானால், தனியாக நிற்கும் ஒரு பெண் கட்டுநரின் அலுவலகத்திற்கும் ஒழுங்குமுறை ஆணையத்திற்கும் அலையவேண்டும். தாமதத்திற்குச் சட்டம் தரும் பரிகாரமும் பெரும்பாலும் வட்டியாகவே கணக்கிடப்படுகிறது. அதனை என்ன செய்வது என்று மறுபடியும் உலமாக்களிடம் கேட்கவேண்டும். முப்பது வயதுக்காரருக்கு மூன்று ஆண்டுகள் காத்திருப்பது பெரிய காரியமன்று. எங்கள் வயதில் அந்த மூன்று ஆண்டுகள்தாம் மாடிப்படி ஏற முடியாத ஆண்டுகள். அந்த வீடு மிகவும் தேவைப்படும் ஆண்டுகள்.

இதன் பிறகு பழைய வீட்டைக் கூர்ந்து பார்க்கத் தொடங்கினோம். விலைக் கணக்கையும் போட்டுப் பார்த்தோம். புதிய வீட்டின் விலை 56 லட்சம். கட்டுமானத்தில் இருக்கும் வீட்டிற்கு 5 சதவீதம் சரக்கு மற்றும் சேவை வரி உண்டு, அது 2.80 லட்சம். தமிழ்நாட்டில் 50 லட்சத்திற்கு மேல் 3 கோடி வரையிலான புதிய அடுக்குமாடி வீட்டின் முதல் விற்பனைக்கு முத்திரைத் தீர்வை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இரண்டும் சேர்ந்து 3.92 லட்சம். ஆக 62.72 லட்சம். பழைய வீட்டிற்குப் பேசி முடித்த விலை 47 லட்சம். மறுவிற்பனைக்கு அந்த வரி கிடையாது, ஆனால் முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், 4.23 லட்சம். குளியலறைக் கைப்பிடிகள், தரை மாற்றம், சுவர்ப் பழுது ஆகியவற்றிற்கு 3 லட்சம். ஆக 54.23 லட்சம். வேறுபாடு ஏறத்தாழ எட்டரை லட்சம். விகிதங்களை அரசு அவ்வப்போது மாற்றும். வழிகாட்டி மதிப்பு விலையைவிட அதிகமாக இருந்தால் அதற்கே தீர்வை கட்டவேண்டியிருக்கும். ஆதலால் வாங்குவோர் தத்தம் சார்பதிவாளர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கைவிட எங்களுக்கு அதிகம் உதவியது, அந்தக் குடியிருப்பின் விருந்தினர் அறையில் பத்து நாட்கள் தங்கியதுதான். புதிய குடியிருப்பில் எங்களிடம் காட்டியது வண்ணப் படங்களை. இங்கே பொதுச் சமையலறையின் சோற்றை உண்டு பார்த்தோம். அது சைவச் சமையலறை. நமக்கு அதில் தடையேதுமில்லை, பெருநாளன்று வீட்டுச் சமையலறையில் வேண்டியதைச் சமைத்துக்கொள்ளலாம். ரமலானில் ஸஹர் நேரத்திற்கு உணவு கிடைக்குமா என்று கேட்டோம். முந்திய இரவே எடுத்துவைத்துத் தருவதாகச் சமையலறை மேற்பார்வையாளர் சொன்னார். இரவுச் செவிலியர் உண்மையில் இரவில் இருக்கிறாரா என்பதை இரவு ஒரு மணிக்கு எழுந்து போய்ப் பார்த்தோம், இருந்தார். பள்ளிவாசலுக்கு நடந்து பார்த்தோம். இளைஞருக்குப் பத்து நிமிடம். எங்களுக்கு இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. ஜும்ஆவிற்கு ஆட்டோ, மற்றத் தொழுகைகளை இயன்றபோது ஜமாஅத்தோடும் இயலாதபோது வீட்டிலும் என்று முடிவு செய்தோம்.

அண்டை வீட்டாரையும் அப்போதுதான் அறிந்தோம். அண்டை வீட்டாரைப் பற்றி ஜிப்ரீல் (அலை) அவர்கள் தொடர்ந்து வலியுறுத்தியதால், அவர்களை வாரிசாகவே ஆக்கிவிடுவார்களோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணியதாக ஹதீஸ் உண்டு. முதியோர் குடியிருப்பில் அண்டை வீட்டார்தான் முதலில் ஓடிவர வேண்டியவர்கள். நாங்கள் பார்த்த வீட்டிற்கு அடுத்த வீட்டில் ஓய்வுபெற்ற செவிலியரான ஒரு கிறிஸ்தவ அம்மையார் இருக்கிறார். மூன்றாம் நாள் தேநீருக்கு அழைத்தவர், மழைக்காலத்தில் அந்த வீட்டின் மேற்குச் சுவரில் ஓதம் ஏறும் என்பதைத் தாமாகவே சொன்னார். விற்பவர்களுக்கு வெளிநாட்டிலிருந்து அது தெரிந்திருக்கவில்லை. தெரிவித்ததும் கேட்ட விலையில் 2 லட்சம் குறைத்துக்கொண்டார்கள். கட்டப்படாத வீட்டின் சுவரைப் பற்றிச் சொல்வதற்கு அப்படியோர் அண்டை வீட்டார் இருக்க வாய்ப்பில்லை.

பழைய வீட்டிற்கே உரிய ஒரு சிக்கலும் இருந்தது. வாங்க நினைப்போர் இதனைக் கவனமாகப் பார்க்கவேண்டும். காலமானவரின் வீடு என்றால் அதன்மீது எத்தனை பேருக்கு உரிமை இருக்கிறது? வட்டாட்சியர் வழங்கிய வாரிசுச் சான்றிதழில் மூன்று பிள்ளைகளின் பெயர்கள் இருந்தன. விற்க முன்வந்தவர்கள் இருவர். வெளிநாட்டில் இருக்கும் தங்கையின் கையொப்பத்தைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்றார் தரகர். முன்பணத்தைக் கொடுத்து வீட்டை உறுதிசெய்துகொள்ளும்படியும் அவசரப்படுத்தினார். அவ்வாறு வாங்கினால் வழக்கு வரலாம் என்பது ஒருபுறம். ஒரு பெண்ணின் பங்கை அவர் அறியாமல் விலைக்கு வாங்கி, அந்தத் தரையில் முஸல்லா விரித்துத் தொழ எங்களால் இயலாது என்பது மறுபுறம். நாங்கள் காத்திருப்பதாகச் சொல்லிவிட்டோம். வேறொருவர் வாங்கிக்கொண்டால் அது நமக்கு எழுதப்பட்ட வீடன்று என்று எண்ணிக்கொண்டோம். இரண்டு மாதங்களில் அந்தத் தங்கை இந்தியத் தூதரகத்தில் சான்றளிக்கப்பட்ட அதிகாரப் பத்திரத்தை அனுப்பிவைத்தார். தொலைபேசியிலும் எங்களோடு பேசினார். தம் தாயார் வைத்த கறிவேப்பிலை மரத்தை வெட்டாமல் இருக்கக் கேட்டுக்கொண்டார். வெட்டவில்லை.

மூலப் பத்திரங்களையும், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்றிதழையும் ஒரு வழக்கறிஞர் படித்துப் பார்த்தார். மாதப் பராமரிப்புக் கட்டணத்தில் பாக்கி இல்லை என்று குடியிருப்போர் சங்கத்திடம் எழுத்தில் பெற்றோம். அதன்பின் கடையை விற்றோம். கணவர் தம் பங்கான பணத்தைப் பிள்ளைகள் இருவரும் அறிய மனைவிக்கு ஹிபாவாகக் கொடுத்தார். மனைவி அதனோடு தம் தந்தைவழிப் பாகமாக வந்த நிலத்தை விற்ற பணத்தையும், குஞ்சம் கட்டிச் சேர்த்த பணத்தையும் சேர்த்துத் தம் பெயரில் வீட்டைப் பதிவுசெய்தார். தேசூர் வீடு எல்லா வாரிசுகளுக்கும் உரியதாக அப்படியே இருக்கிறது. ஒரு வாரிசுக்கு அநீதி செய்யும் நோக்கத்தோடு இன்னொருவருக்குக் கொடுத்தல் கூடாது என்று ஹஜ்ரத் எச்சரித்திருந்தார். ஆகவே எதையும் மறைத்துச் செய்யவில்லை. “அத்தா, இதை நீங்கள் எங்களிடம் முன்பே சொன்னதுதான் எனக்கு நிம்மதி” என்று மகள் சொன்னார். புதிய வீட்டின் பக்கம் நின்ற மகன்தான் குளியலறைப் பழுதுச் செலவை ஏற்றுக்கொண்டார்.

குடிபுகுந்த முதல் வாரத்திலேயே அந்தப் பகுதி ஜமாஅத்தில் பெயர் பதிந்து சந்தா கட்டினோம். வீடு மாறும் முதியோர் இதனைத் தள்ளிப்போடலாகாது. மய்யித்தைக் குளிப்பாட்டுவதற்கு இடம் எங்கே, எந்த அடக்கஸ்தலத்தில் இடம் கிடைக்கும் என்பதைத் துக்க நாளில் பிள்ளைகள் தேடி அலையும்படி விட்டுவிடக்கூடாது. சங்கச் செயலாளர் இந்து சகோதரர். ஜனாஸாவிற்குத் தரைத்தளக் கூடத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று, நாங்கள் தயங்கித் தயங்கிக் கேட்டதும் உடனே ஒப்புக்கொண்டார்.

எல்லாருக்கும் பழைய வீடுதான் ஏற்றது என்று நாங்கள் சொல்லவில்லை. ஐம்பத்தைந்து வயதில், உடல் வலுவோடு, இப்போதிருக்கும் வீட்டிலேயே சில ஆண்டுகள் இருக்கக்கூடியவர்களுக்குப் புதிய வீட்டின் தவணை முறையும் சட்டப் பாதுகாப்பும் நன்மையாக அமையலாம். அவர்கள் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவெண்ணையும், அதே கட்டுநர் முன்பு கட்டிய குடியிருப்பில் இன்று முதியோர் எப்படி வாழ்கிறார்கள் என்பதையும் நேரில் போய்ப் பார்த்துக்கொள்ளட்டும். இன்னும் சில இடங்களில் வீட்டை விற்காமல், பெருந்தொகையை வைப்பாக வாங்கிக்கொண்டு, போகும்போது திருப்பித் தருவதாகச் சொல்வார்கள். நம் ஊர்களில் ஒத்தி என்று வழங்கும் முறையை அது ஒத்திருக்கிறது. கடன் கொடுத்துப் பயன் பெறுவதாகுமா என்னும் கேள்வி அதில் எழுவதால், ஆலிம்களிடம் ஒப்பந்தத்தைக் காட்டிக் கேட்டபின்பே கையெழுத்திடவேண்டும்.

எந்த வீட்டைத் தேர்ந்தாலும் கணவனும் மனைவியும் அமர்ந்து பேசவேண்டிய ஒன்று இருக்கிறது. நம் இருவரில் ஒருவர் நாளை இல்லையென்றால், மற்றவர் எந்தக் கூரையின் கீழ், யாருடைய உரிமையில் இருப்பார்? இதனைப் பேசுவது அபசகுனமன்று. பாகத்தை இவ்வளவு நுட்பமாக வகுத்துத் தந்த மார்க்கம், அதற்கு முன்பே செய்துகொள்ளவேண்டிய ஏற்பாடுகளையும் நம்மிடம் எதிர்பார்க்கிறது. பிள்ளைகளையும் அருகில் வைத்துக்கொண்டு பேசுங்கள். பேசி முடித்ததை எழுதி வையுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பெற்றோர் அனைவருக்கும் விசாலமான வீட்டையும் நல்ல அண்டை வீட்டாரையும் தந்து, யாருடைய ஹக்கும் நம் மீது எஞ்சியிராத நிலையில் நம்மைத் தன்பால் அழைத்துக்கொள்வானாக. ஆமீன்.